பேய் முகத்தோடு டிரம்ஸ் அடித்த சாயங்காலம்

போன வாரம் என் மகளுக்கு டயப்பர் உரசி இடுப்பெல்லாம் சிவந்துவிட்டது. டாக்டர் ஒரு வெள்ளைக் களிம்பு எழுதிக் கொடுத்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு களிம்பைத் திறந்து விரலில் எடுத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பரீட்சை ஹாலுக்குள் நுழையும்போது வருமே, அதே பயம்தான். களிம்புக்குப் பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிள்ளை காலை உதைத்துச் சிரிக்கிறாள், நான் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். கணவர் எட்டிப்பார்த்து, "என்ன, மயக்கமா வருதா?" என்றார். ஹெவி மெட்டல் பாட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னால் மனிதர் என்ன நினைப்பார்? புழுக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் களிம்பில் இருப்பது துத்தநாக ஆக்சைடு என்கிற வெள்ளைத் தூள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து நாடகக்காரர்கள் அதை முத்துவெள்ளை என்பார்கள். தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதன்மேல் மீசை வரைந்தால் எமன், மூக்கில் சிவப்பு வைத்தால் பபூன். நாங்கள் கண்ணைச் சுற்றிக் கருப்பு பூசினோம். நாங்கள் மெட்டல் பேண்ட்.

சிரிக்காதீர்கள். அப்போது நான் புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் கதிர் என்று ஒருவன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற வீட்டுப் பையன். நாயைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவான். ஜூனியர் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவான். அப்படிப்பட்டவன் மைக்கைப் பிடித்தால் தொண்டைக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் வரும். முதல்முறை கேட்டபோது அவனுக்குள் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அவனோடு ஒரு கிதார்காரனும் பேஸ் வாசிக்கிறவனும் உண்டு. இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள், இங்கேயும் பேசப் போவதில்லை. டிரம்ஸுக்கு ஆள் இல்லாமல் இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் நான் டிரம்ஸ் அடிக்கிறேன் என்று யாரோ கதிரிடம் சொல்லிவிட்டார்கள்.

கோயில் என்றால் மாதா கோயில். கோயில் டிரம்ஸை அடித்துக்கொண்டிருந்த அண்ணன் சிங்கப்பூர் போனதும் அது பாடகர் குழு பெஞ்சுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. பத்தாவது லீவில் நான் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். பெரியப்பா, "சும்மா கெடக்குறதுக்குப் பாப்பா அடிக்கட்டும்" என்றார். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. பெரியப்பாதான் எங்கள் கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லித்தருவது, யார் பூசைக்கு வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்பது எல்லாம் அவர் வேலை. அப்பா குவைத்தில் டிரைவர். அதனால் எங்கள் வீட்டு விஷயமும் அவர் கையில்தான். நான் என்ன படிப்பது, எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வருவது என்பதெல்லாம் குவைத்திலிருந்து வருவதில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வரும்.

அவர் அடிக்கிற ஆள் இல்லை. குரலைக்கூட உயர்த்தமாட்டார். அவருடைய சொந்த மகள், என் அக்கா, திருச்சியில் நர்சிங் படித்தாள். டூர் போன இடத்தில் எடுத்த ஒரு போட்டோ ஊருக்கு வந்தது. கும்பலாக நின்ற படம்தான். அக்கா தோளில் யாரோ ஒரு பையன் கைவைத்திருந்தான். பெரியப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, படிச்சது போதும்" என்றார். அந்த வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். தோளில் கைவைத்த போட்டோவுக்கே இது என்றால், பையன்களோடு மேடையேறிப் பேய் வேஷத்தில் டிரம்ஸ் அடித்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே பயந்தேன். படிப்பு நிற்கும். அது மட்டும் நிச்சயம்.

அப்புறம் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். கோயிலில் எல்லாப் பாட்டுக்கும் மெதுவாக அடிக்கவேண்டும். பாடுகிறவர்களின் சத்தத்தை மீறக்கூடாது. கல்லூரியின் பழைய ஒர்க்‌ஷாப் ஷெட்டில் முதல்முறையாக முழு பலத்தோடு அடித்தபோது தகரக் கூரை அதிர்ந்து ஒரு பல்லி கீழே விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பசியே இல்லை. அவ்வளவுதான் காரணம்.

முகத்தில் பெயின்ட் என்பது கதிரின் யோசனை. வெளிநாட்டு பேண்டுகள் அப்படித்தான் வரும் என்றான். பேண்டுக்குக் கருமுனி என்று ராத்திரியில் உலவும் முனியின் பெயரை வைத்ததும் அவன்தான். புதுக்கோட்டையில் நாடகக்காரர்களுக்கு ஒப்பனைச் சாமான் விற்கிற ஒரு கடை இருந்தது. உள்ளே சரிகை உடுப்பும் அட்டைக் கிரீடமும் தொங்கும். எல்லாவற்றின் மேலும் தேங்காயெண்ணெய் சிக்கு வாடை.

"எந்த வேஷத்துக்குத் தம்பி? பபூனுக்கா, எமனுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மெட்டல்ணே."

"அது எந்த ஊரு நாடகம்?"

கதிர் அவருக்கு விளக்க முயன்றான். அவர் கேட்டுவிட்டு, "அப்ப எமன்தான்" என்று சொல்லி முத்துவெள்ளையை மடித்துக் கொடுத்தார்.

பையன்களுக்கு அது ஸ்டைல். எனக்கு அது முக்காடு. முதல் நாள் பாத்ரூம் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது என்னாலேயே என்னை அடையாளம் காண முடியவில்லை. கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு குழி. முடியைத் தூக்கித் தொப்பிக்குள் சொருகி, கதிருடைய பெரிய கருப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டால் ஆணா பெண்ணா என்றே தெரியாது. பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போது மட்டும் அந்த முகம் மனதுக்குள் வந்துவிடும். சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று பலதடவை வரிசையில் நின்றிருக்கிறேன். எப்படிச் சொல்வது? "சாமி, நான் கருமுனியில் இருக்கிறேன்" என்றா? தம்பியோடு சண்டை போட்டேன் என்று எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

கல்லூரியில் முதல் நிகழ்ச்சி பிரமாதமாக நடந்தது. யாரோ வீடியோ எடுத்து நெட்டில் போட்டார்கள். அங்கேதான் வினை பிடித்தது. பாராட்டை விடத் திட்டுதான் அதிகம். மூஞ்சியில் சுண்ணாம்பு பூசினால் மெட்டல் ஆகிவிடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், டிரம்ஸ் மொத்தமும் பதிவுபண்ணி ஓடவிட்டது, அந்த ஆள் சும்மா கையை ஆட்டுகிறான் என்று எழுதியிருந்தார். அதற்கு ஏகப்பட்ட லைக். அதை நான் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் அங்கே இல்லவே இல்லை என்றல்லவா சொல்லிவிட்டார்கள்! சண்டைக்குப் போகவும் வழியில்லை. பெயரைச் சொன்னால்தானே சண்டை போட முடியும்?

கதிருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆண்டு விழால பெயின்ட் இல்லாம ஏறுவோம். மூஞ்சியக் காட்டி வாசிப்போம். அதான் உண்மையான மெட்டல்" என்றான்.

"ஒங்களுக்குக் காட்டலாம். நான் எங்க போயி காட்டுறது?"

"ஒங்க வீட்டுல அப்படி என்னதான் பண்ணிருவாங்க?"

அக்காவின் போட்டோ கதையைச் சொன்னேன். கதிர் மெதுவாக, "நீங்க வரலன்னா டிரம்ஸுக்குப் பதிவு பண்ணுன டிராக்தான் போடணும். அப்ப அவனுக எழுதுனது உண்மையாப் போயிரும்" என்றான். அவன் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னான். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

கடைசியில் பையன்கள் மூன்று பேரும் வெறும் முகத்தோடு வருவது, நான் மட்டும் பெயின்ட்டோடு பின்னால் உட்காருவது என்று முடிவானது. நல்ல ஏற்பாடு என்று ராத்திரி வரை நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. நாலு பேயில் ஒரு பேயாக ஒளிந்துகொள்வது சுலபம். மூன்று மனிதருக்குப் பின்னால் ஒரே ஒரு பேய் உட்கார்ந்திருந்தால் ஊரே அதைத்தான் பார்க்கும்.

இது போதாதென்று, அந்த வருஷம் எனக்கு வகுப்பில் முதல் மதிப்பெண் பரிசு. பரிசு வாங்குகிறவர்களின் வீட்டுக்குக் கல்லூரியிலிருந்தே அழைப்பு போய்விட்டது. இந்த மாதிரி விழாவுக்கெல்லாம் வராத பெரியப்பா, "ஒங்கப்பன் எடத்துல நான்தான் வரணும்" என்று வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பிவிட்டார். மைதானத்தில் போட்ட நாற்காலிகளில் மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் பரிசு வாங்கியபோது கையைத் தூக்கித் தட்டினார். கீழே இறங்கி வந்து அவரிடம், "இருட்டப் போகுது பெரியப்பா, இனிமே பாட்டுக் கூத்துதான். நீங்க கெளம்புங்க" என்றேன்.

"ஒன்னய விட்டுட்டா? இருந்து கூட்டிட்டே போறேன். நீ போயி பிரண்ட்ஸோட இரு" என்றார் சந்தோஷமாக.

பாத்ரூமில் முத்துவெள்ளையைக் குழைத்தபோது கை தட்டி எண்ணெய் கொட்டிவிட்டது. மிச்சத்தை அவசரமாகப் பூசினேன். சரியாக ஒட்டவில்லை. ஓடிவிடலாமா என்று பின்வாசலைப் பார்த்தேன். ஓடினால் டிராக். உட்கார்ந்தால் பெரியப்பா. மாதாவே, அவர் கண்ணுக்கு நான் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாதாவிடம் வேண்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

மேடையேறியதும் எதிர்பார்த்ததுதான் நடந்தது. பையன்களைப் பார்த்து ஒரு கைதட்டல். என்னைப் பார்த்ததும் ஒரு ஊளை. "டிராக்கு! டிராக்கு!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தேன். வறண்டுபோன கண்மாயைப் பற்றிக் கதிர் எழுதிய பாட்டு. அதன் நடுவில், அவன் உச்சத்துக்குப் போய் உறுமும்போது, கரெண்டு போனது.

அந்த வருஷங்களில் கரெண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிதார் செத்தது. மைக் செத்தது. கதிரின் உறுமல் வெறும் இருமலாக நின்றது. பையன்கள் கையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். ஜெனரேட்டர் பார்க்கிற ஆள் டீக்கடைக்குப் போயிருந்தாராம். மேடையில் சத்தம் வந்துகொண்டிருந்தது ஒரே இடத்திலிருந்துதான். அது நான்.

நான் ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு பேண்ட் பையன்கள் கேட்டார்கள். துணிச்சல் என்று நினைத்தார்கள். துணிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கோயில் பழக்கம் அது. பூசை நடுவில் கரெண்டு போனால் கீபோர்டு நின்றுவிடும், மைக் நின்றுவிடும். இருட்டில் சனம் தடுமாறிப் பாட்டை விட்டுவிடும். அதனால் டிரம்ஸ் மட்டும் நிற்கவே கூடாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு ஒற்றைத் தாளத்தை, நடை தளராமல், சனம் அடுத்த அடியை எடுக்கிற மாதிரி அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். என் கைக்கு அது மட்டும்தான் தெரியும். இருட்டு வந்ததும் கை தானாக அங்கே போய்விட்டது. கருமுனியை விட்டுவிட்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டது.

ஒவ்வொன்றாகச் செல்போன் வெளிச்சம் எழுந்தது. எல்லாமே என் முகத்தில். சரியாக ஒட்டாத வெள்ளை வேர்வையில் வழிந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், என்னால் ஒருத்தரையும் பார்க்க முடியவில்லை. மூன்றாவது வரிசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? நிறுத்தினால் அந்த அமைதியில் என் பெயரை யாரோ சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் இன்னும் பலமாக அடித்தேன். கூட்டம் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. "டேய், டிராக் இல்லடா, ஒரிஜினல்!" என்று யாரோ கத்தியது காதில் விழுந்தது. அந்த ஒரு நொடி மட்டும் நான் பயப்படவில்லை. அப்புறம் விளக்கு வந்துவிட்டது.

அவசரமாக முகத்தைத் துடைத்து, சுடிதார் மாற்றி, சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தேன். பெரியப்பா பரிசுத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். "முடிஞ்சுச்சா? வா" என்றார். பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால். திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் இறங்கிக் கண்மாய்க் கரையில் நடக்கும்போது அவர் பரிசுத் தட்டை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே வந்தார். தெரியவில்லை போலிருக்கிறது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

"காதுக்குப் பின்னாடி வெள்ளை ஒட்டியிருக்கு. பெரியம்மா பாக்கறதுக்குள்ள தொடச்சுக்க" என்றார்.

காதைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் வெள்ளை ஒட்டியது.

"மூஞ்சியப் பாத்து எனக்குத் தெரியலம்மா. எவனோ ஒரு பயன்னுதான் நெனச்சேன். கரெண்டு போச்சுல்ல, எல்லாரும் நின்னுட்டானுங்க, அது மட்டும் நிக்கல. ரெண்டு அடியிலயே தெரிஞ்சுபோச்சு. இது நம்ம கோயில்ல அடிக்கிற புள்ளதான்னு."

அழுதேன். படிப்பு போயிற்று என்று நினைத்துத்தான் அழுதேன்.

"படிப்ப முடி. ஒங்கப்பன்ட்ட நான் ஒன்னும் சொல்லல" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா கோயில்ல இனிமே வேணாம்" என்றார்.

"ஏன் பெரியப்பா? நல்லா அடிக்கலயா?"

"நல்லாத்தான் அடிச்ச. அதாம்மா. நீ அடிக்கிறத கேட்டா எனக்கு எப்பவும் கோயில் பீடந்தான் கண்ணுக்கு வரும். இனிமே அந்த மூஞ்சிதான் வரும். என்னால முடியாது."

அவர் குரலில் கோபம் இல்லை. அவரும் எதற்கோ பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பு தப்பித்தது என்பதுதான். நன்றி என்று வேறு சொன்னேன்.

கல்லூரி முடிந்ததும் கருமுனி கலைந்தது. கதிர் துபாயில் கணக்கு எழுதுகிறான். நான் திருச்சியில் ஒரு வங்கியில் இருக்கிறேன். ஒப்பனைச் சாமான் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். எங்கள் கோயிலில் கீபோர்டே தாளத்தையும் போட்டுவிடுகிறது. இன்வெர்ட்டர் வந்துவிட்டதால் பாட்டு நடுவில் நிற்பதும் இல்லை.

கல்யாணம், பிள்ளை என்று மூன்று வருஷம் கழித்து இந்த ஈஸ்டருக்குத்தான் ஊருக்குப் போனேன், பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பூசைக்கு. பாடகர் பெஞ்சுக்குப் பின்னால் துணி போர்த்தி என் பழைய டிரம்ஸ் கிடந்தது. பூசை முடிந்து சனம் வெளியே போயிருந்தது. பெரியப்பா மட்டும் முன்வரிசை நாற்காலியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தொடுகிறது. நான் துணியை விலக்கி உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் பயமாகத்தான் இருந்தது. அந்த ஒற்றைத் தாளத்தை எடுத்தேன். முதலில் மெதுவாக, அப்புறம் ஒர்க்‌ஷாப் கூரையை அதிரவைத்த அதே பலத்தோடு. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து எட்டிப்பார்த்தார்கள். பெரியம்மா அவசரமாக என்னிடம் வந்து கையைப் பிடித்தார்.

"அவருக்காகவா நிறுத்தச் சொல்றீங்க?" என்றேன்.

"அவருக்கு எங்கம்மா கேக்குது? காது போயி ரெண்டு வருசமாச்சுல்ல. மிசின் வாங்கிக் குடுத்தாலும் மாட்ட மாட்டேங்குறாரு" என்றார்.

பெரியப்பா திரும்பவே இல்லை. மணி மணியாக உருட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்காமல், என் அடியைக் கேட்டே நான்தான் என்று சொன்னவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். நான் துணியைப் போர்த்திவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "பாப்பாவா? எப்ப வந்த?" என்றார்.